மேப் வரையவும் பிரவுசர் கற்றுக்கொள்ளட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே செய்து பார்க்கும் காரியம் ஒன்று உண்டு. மேப்பைத் திறந்து சொந்த ஊரைத் தேடுவது. ஊர் கிடைத்ததும் தெருவைத் தேடுவார்கள். தெரு கிடைத்ததும் வீட்டுக் கூரையைத் தேடுவார்கள். கூரை தெரிந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

இவ்வளவு தூரம் நம்மோடு கலந்துவிட்ட மேப், இன்டர்நெட்டின் அடிப்படை விதிமுறைகளில் இன்னும் இடம் பெறவில்லை என்பது பலருக்குத் தெரியாது. எழுத்து, படம், ஒலி, வீடியோ ஆகியவற்றைப் பிரவுசர் தானாகவே காட்டிவிடும். மேப்பை மட்டும் காட்டாது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு மேப்பையும், யாரோ எழுதிய தனிப் புரோகிராம் ஒன்று உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து இறங்கித்தான் வரைந்து காட்டுகிறது.

இது மாற வேண்டும், மேப் வரைவதும் பிரவுசரின் சொந்த வேலையாக வேண்டும் என்பது என் கருத்து. இது புரோகிராமர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நேற்று கம்ப்யூட்டர் வாங்கியவருக்கும் இதில் லாப நஷ்டம் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

எந்தத் திருமலை?

முதலில் ஒரு சின்னச் சோதனை. மேப்பில் "திருமலை" என்று டைப் செய்து தேடுங்கள். பெரும்பாலும் ஏழுமலையான் குடியிருக்கும் திருப்பதித் திருமலைதான் முதலில் வந்து நிற்கும். இலங்கை நண்பர்களைக் கேட்டால், திருமலை என்றால் திருகோணமலை என்பார்கள். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணிப் பக்கம் போய்க் கேட்டால், சமணக் கோயில்கள் உள்ள திருமலைக்குக் கை காட்டுவார்கள். 16 அடி உயரத்துக்கு மேல் நேமிநாதர் சிலையும், ராஜராஜ சோழனின் சகோதரி குந்தவை பெயரில் ஜினாலயமும் உள்ள ஊர் அது. சரி, ஆரணியாவது ஒன்றுதானா? அதுவும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரணி, திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னோர் ஆரணி.

பெயரை மட்டும் வைத்து இடம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு, ஆரணிப் பக்கத்துத் திருமலையின் பாறையிலேயே சான்று இருக்கிறது. முதலாம் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு அது. சுமார் ஆயிரம் ஆண்டு பழையது. கங்கை வரை சென்ற சோழர் படை வென்ற நாடுகளையும் ஊர்களையும் வரிசையாகச் சொல்கிறது. வங்காளம், ஒட்டர் நாடு போன்றவை எவை என்று நமக்கே புரிகிறது. ஆனால் நாமணைக்கோணம், பஞ்சப்பள்ளி போன்ற பெயர்கள் இன்றைய எந்த ஊர்களைக் குறிக்கும் என்பதை வரலாற்று அறிஞர்கள் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்து அப்படியே இருக்கிறது, இடம்தான் தொலைந்துவிட்டது.

இன்று இந்தக் கஷ்டம் வேண்டாம். பள்ளியில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களால் உலகின் எந்த இடத்தையும் சொல்லிவிடலாம். பட்டு நெய்யும் ஆரணிக்கு 12.67, 79.28. திருப்பதித் திருமலைக்கு 13.68, 79.35. திருகோணமலைக்கு 8.57, 81.23. குழப்பத்துக்கே இடமில்லை.

ஆனால் இதிலும் ஒரு சங்கடம். எந்த எண்ணை முதலில் எழுதுவது? 2010-ல் வெளியான "ஜியோ யூ.ஆர்.ஐ." என்ற விதி, அட்சரேகையை முதலில் எழுதச் சொல்கிறது. 2016-ல் விதியாக வெளியிடப்பட்ட "ஜியோஜேசன்" முறை, தீர்க்கரேகையை முதலில் எழுதச் சொல்கிறது. ஆரணியின் எண்களை வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டால், மேப் நம்மை வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளின் பனிமலைகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடும். பட்டுச் சேலை எடுக்க வந்தவர் கம்பளிப் போர்வை தேட வேண்டியதுதான்.

ஒரு புள்ளியைச் சொல்வதற்கே இத்தனை வழக்கங்கள் என்றால், முழு மேப்பையும் வரைந்து காட்ட எத்தனை வழக்கங்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பொது விதி ஒன்று வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

பிரவுசருக்குத் தெரிந்ததும் தெரியாததும்

வெப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்ற மொழியில் எழுதப்படுகின்றன என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். "இது தலைப்பு", "இது பாரா", "இங்கே படம்" என்று பிரவுசருக்குச் சொல்லும் சின்னச் சின்னக் குறிகள்தான் அந்த மொழி. இந்தக் குறிகளுக்கு "டேக்" என்று பெயர்.

1993-ல் மொசைக் என்ற பிரவுசர், படத்துக்கான "ஐ.எம்.ஜி." டேக்கைக் கொண்டுவந்தது. அதன் பிறகு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், படம் எழுத்துக்கு நடுவிலேயே தெரியும். எந்த கேமராவில் எடுத்த படம், எந்த கம்பெனியின் பிரவுசர் என்ற கேள்வியே இல்லை. இது பொது விதியின் பலன்.

வீடியோவுக்கு இந்த நல்ல காலம் வரத் தாமதமானது. பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு பாட்டுக் காட்சியைப் பார்க்க ரியல் பிளேயர் வேண்டும், குயிக்டைம் வேண்டும், பிளாஷ் பிளேயர் வேண்டும் என்று ஒவ்வொரு வெப்சைட்டும் ஒவ்வொன்றைக் கேட்கும். டவுன்லோட் செய்து, இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து வருவதற்குள் பார்க்கும் ஆசையே போய்விடும். 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல்.5 அதிகாரபூர்வ விதியானது. அதில் வீடியோவுக்கென்று ஒரு டேக் இருந்தது. பிளாஷ் பிளேயருக்கு அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. இன்று புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு பிளாஷ் என்றால் என்ன என்றே தெரிய வேண்டியதில்லை.

மேப் இன்னும் அந்தப் பழைய காலத்திலேயே நிற்கிறது. இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு.

ஒன்று, எச்.டி.எம்.எல்.-லில் "மேப்" என்ற பெயரிலேயே ஒரு டேக் இருக்கிறது. 1997-ல் வந்த எச்.டி.எம்.எல். 3.2-லேயே அது இடம் பெற்றுவிட்டது. ஆனால் அது ஊர் காட்டும் மேப் அல்ல. ஒரு படத்தின் வெவ்வேறு பகுதிகளில் கிளிக் செய்தால் வெவ்வேறு பக்கங்களுக்குப் போகும்படி செய்வதற்கு மட்டுமே. பெயர் வைத்தாகிவிட்டது, பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

இன்னொன்று, சில வெப்சைட்டுகளுக்குப் போனால் "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று பிரவுசர் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த வசதிக்கான பொது விதி 2013-லேயே இறுதியாகிவிட்டது. அதாவது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பிரவுசரால் கண்டுபிடிக்க முடியும். அந்த இடத்தை வரைந்து காட்டத்தான் அதற்குத் தெரியாது!

அப்படியானால் இப்போது மேப் எப்படித் தெரிகிறது? பெரும்பாலான மேப்புகள் "டைல்" முறையில் இயங்குகின்றன. தரையில் டைல்ஸ் பதிப்பது போலத்தான். உலகம் முழுவதையும் 256 பிக்செல் அகலமும் 256 பிக்செல் உயரமும் கொண்ட ஒரே சதுரத்தில் அடக்குவது முதல் நிலை. ஒரு படி பெரிதாக்கினால் அது 4 சதுரங்களாகும். இன்னொரு படி போனால் 16. இப்படியே நான்கு நான்காகப் பெருகி, தெரு தெரியும் 18-ஆம் படியில் உலகத்துக்கு மொத்தம் சுமார் 6,872 கோடி சதுரங்கள். உங்கள் திரைக்குத் தேவையான சில சதுரங்களை மட்டும் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வாங்கி, சந்து தெரியாமல் ஒட்டிக் காட்டும் வேலையை ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம் செய்கிறது. 2006-ல் வந்த ஓபன்லேயர்ஸ், 2011-ல் வந்த லீஃப்லெட் போன்றவை இலவசமாகக் கிடைப்பவை. பெரிய நிறுவனங்கள் தங்களுக்கென்று தனியாக வைத்திருக்கின்றன.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது.

சின்னக் கடைக்காரர் கதி

ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளர் குடும்பம், தாங்கள் நெய்த சேலைகளை நேரடியாக விற்க ஒரு வெப்சைட் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலைப் படங்களைப் போடுவது எளிது. விலை எழுதுவது எளிது. "எங்கள் வீட்டுக்கு வழி" என்று மேப் போடும்போதுதான், தெரிந்தோ தெரியாமலோ, அவர்கள் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆகிறார்கள்.

இதன் பொருள் என்ன என்பது 2018-ல் உலகத்துக்கே தெரிந்தது. கூகுள் 2005-ல் தன் மேப்பை மற்ற வெப்சைட்டுகளிலும் போட்டுக்கொள்ள வழி செய்தது. பல லட்சம் வெப்சைட்டுகள் அப்படிப் போட்டுக்கொண்டன. 2018 ஜூலை 16 முதல் கட்டண முறை மாறியது. கிரெடிட் கார்டு விவரத்துடன் கணக்குத் தொடங்கி, அதற்கான "கீ" வாங்கியிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 25,000 முறை வரை இலவசம் என்றிருந்தது, மாதத்துக்கு சுமார் 28,000 முறை என்றானது. "கீ" இல்லாத பக்கங்களில் மேப் இருண்டுபோய், இது தயாரிப்பு வேலைக்கு மட்டும் என்று பொருள்படும் ஆங்கில வாசகம் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது. ஓட்டல், கல்யாண மண்டபம், கோயில், பள்ளி என்று எத்தனையோ பக்கங்களில் இந்தக் காட்சி. சொந்தக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் பக்கம் கெட்டுப்போனது.

பிறகும் விலைகள் மாறிக்கொண்டே வந்தன. 2024 ஜூலையில் ஓலா நிறுவனம் தன் சொந்த மேப்புக்கு மாறுவதாக அறிவித்தது. அதே மாதத்தில் கூகுள், ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவுக்கான மேப் கட்டணங்களை 70 சதவீதம் வரை குறைப்பதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் இலவச அளவைக் கணக்கிடும் முறை மறுபடியும் மாறியது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படமும் தெருத் தகவலும் சும்மா கிடைப்பவை அல்ல. செலவு செய்பவர் விலை கேட்பதில் தப்பில்லை. வெறுமனே ஓர் இடத்தைக் காட்டினால் போதும் என்றால், "எம்பெட்" என்ற முறையில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம் என்பதும் உண்மை. ஆனால் அப்படிப் போட்டால் அது நம் பக்கத்துக்குள் திறந்திருக்கும் அடுத்தவர் ஜன்னல். அதில் எந்தக் கடை தெரிய வேண்டும், எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை.

பிரவுசரிலேயே மேப்புக்கு டேக் இருந்தால், ஒரு சர்வரின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த ஒரு வரியை மாற்றி அடுத்தவரிடம் போய்விடலாம். வெப்சைட்டை மறுபடி எழுத வேண்டாம். பருப்பு வாங்கும் கடையை மாற்றினால் யாரும் அடுப்பை மாற்றுவதில்லை அல்லவா?

தமிழ் எழுத்துக்கு நேர்ந்தது

பொது விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இன்டர்நெட்டில் தமிழ் படித்தவர்களுக்கு இது அனுபவ பாடம். ஒவ்வொரு பத்திரிகையின் வெப்சைட்டுக்கும் ஒவ்வொரு ஃபாண்ட். அந்த ஃபாண்டை இறக்கி இன்ஸ்டால் செய்யாவிட்டால் திரை முழுவதும் பூச்சி பூச்சியாகத் தெரியும். இணைய ஆர்வலர்கள் சேர்ந்து டிஸ்கி முறையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் டாப், டாம் முறைகள் வந்தன. கடைசியில் உலகப் பொது முறையான யூனிகோட்தான் நிலைத்தது. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோட் முறையை ஏற்றது. பிரவுசரும் விண்டோசும் தாமாகவே தமிழைக் காட்டத் தொடங்கிய பிறகே, ஃபாண்ட் கவலை இல்லாமல் யார் வேண்டுமானாலும் தமிழில் எழுதும் காலம் வந்தது.

அப்போது தனி ஃபாண்டில் தட்டி வைத்த எத்தனையோ கட்டுரைகள் இன்று மாற்றி எடுக்க ஆளில்லாமல் கிடக்கின்றன. மேப் விஷயத்தில் அதே கதை மறுபடியும் நடக்க விடலாமா?

இதை வெறும் ஒப்புமைக்காகச் சொல்லவில்லை. மேப்பில் தமிழ் இன்றும் படும் பாடு தனி. டைல் முறையில் ஊர்ப் பெயர் படத்தோடு படமாகப் பதிந்துவிடுகிறது. அதை நீங்கள் காப்பி செய்ய முடியாது. பக்கத்தில் தேட முடியாது. கண் மங்கிய தாத்தாவுக்காக எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பார்வையற்றவர்கள் என்.வி.டி.ஏ. போன்ற இலவச மென்பொருளின் துணையோடு வெப் பக்கங்களைக் காதால் கேட்டுப் படிக்கிறார்கள். மேப் வந்ததும் அந்தக் குரல் மௌனமாகிவிடும். படத்துக்குள் இருக்கும் எழுத்து அதற்குத் தெரியாது.

படமாக இல்லாமல் கோடுகளாகவும் எழுத்துகளாகவும் அனுப்பி, உங்கள் கம்ப்யூட்டரிலேயே மேப்பை வரையும் புதிய முறையும் இருக்கிறது. இதில் மொழியை மாற்றலாம், நல்லதுதான். ஆனால் அந்தப் புரோகிராம்கள் பிரவுசரின் எழுத்து வசதியைப் பயன்படுத்தாமல், தாங்களே எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டின. விளைவு? "சென்னை" என்ற சொல்லில் "ச"-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. "கோவை" உடைந்து தெரிந்தது. இந்தி முதலான மற்ற இந்திய மொழிகளுக்கும் இதே கதிதான். பிரபலமான மேப் புரோகிராம்களில் நெடுங்காலம் இந்தக் குறை நீடித்தது. அதே பக்கத்தில், மேப்புக்கு மேலே இருக்கும் பாராவில் "சென்னை" அழகாகத் தெரியும்! அதை எழுதியது பிரவுசர். அதற்குத் தமிழ் எப்போதோ தெரியும்.

மேப்பையும் பிரவுசரே வரைந்தால் இந்தப் பிரச்னை எழவே எழாது. தமிழைத் தெரிந்தவரிடமே வேலையைக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

வெள்ளம் வந்தபோது

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் ஆர்வலர்கள் ஒரு வெள்ள மேப்பை இன்டர்நெட்டில் போட்டார்கள். உங்கள் தெருவைக் கிளிக் செய்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். மக்கள் ஆயிரக்கணக்கான தெருக்களைக் குறித்தார்கள். எந்த வழியாகப் போகலாம், எங்கே படகு வேண்டும் என்று பார்க்க அது உதவியது. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தவும் எடுத்துப் பயன்படுத்தவும் உரிமை தரும் மேப் என்பதால்தான் இவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்தது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். சென்னையில் அதைச் செய்யத் தெரிந்த புரோகிராமர்கள் இருந்தார்கள். ஆரணிப் பக்கம் ஓர் ஏரி உடைந்தால், ஊராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கும், இன்டர்நெட் இருக்கும், ஆனால் மேப் புரோகிராம் எழுத ஆள் இருக்குமா? வெப் பக்கத்தில் போட்டோ சேர்க்கத் தெரிந்தவர் எவரும் மேப்பையும் சேர்க்கலாம் என்ற நிலை வந்தால்தான், இந்த வசதி பெருநகரம் தாண்டி வரும்.

வேலை நடக்கிறதா?

நடக்கிறது, மெதுவாக. வெப் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், மேப் தகவல்களுக்கான விதிகளை வகுக்கும் ஓ.ஜி.சி. அமைப்பும் ஒரே ஆண்டில், 1994-ல் பிறந்தவை. இரண்டும் சேர்ந்து 2020 செப்டம்பர், அக்டோபரில் "வெப்புக்கான மேப்" என்ற பொருளில் ஒரு கருத்தரங்கை நடத்தின. கொரோனா காலம் என்பதால் எல்லாம் ஆன்லைனிலேயே நடந்தது. கனடா அரசின் இயற்கை வளத் துறை இதில் முனைப்பாக இருக்கிறது.

டபிள்யூ3சி-யில் இதற்கென்று இயங்கும் குழு ஒன்று "மேப்எம்எல்" என்ற முறையை முன்வைத்திருக்கிறது. எந்த இடத்தை நடுவில் காட்ட வேண்டும், எத்தனை படி பெரிதாக்க வேண்டும், எந்தத் தகவலை மேலே விரிக்க வேண்டும் என்பதை ஒரு டேக்கில் எழுதிவிட்டால் போதும். இழுப்பது, பெரிதாக்குவது, கீபோர்டால் நகர்த்துவது எல்லாம் பிரவுசர் பொறுப்பு. முதலில் நான் மேலே சொன்ன அந்தப் பழைய "மேப்" டேக்கையே விரிவாக்கலாம் என்றுகூட யோசித்தார்கள்.

ஆனால் எந்தப் பெரிய பிரவுசரும் இதைத் தன்னுள் இன்னும் சேர்க்கவில்லை. சோதித்துப் பார்க்க விரும்புவோர் துணைப் புரோகிராமைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் தாமதம்? பிரவுசர் தயாரிப்பவர்கள் யார் என்று பாருங்கள். குரோம் கூகுளுடையது. சஃபாரி ஆப்பிளுடையது. எட்ஜ் மைக்ரோசாஃப்டுடையது. மூவருக்கும் சொந்த மேப் சேவை உண்டு. கடை நடத்துபவரையே சந்தைக்கு விதி எழுதச் சொன்னால் அவசரப்படுவாரா? இது என் ஊகம்தான். ஆனால் பயன்படுத்துபவர்கள் கேட்காதவரை அவர்களாகத் தரமாட்டார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

எதிர்த்துச் சொல்வோருக்குப் பதில்

"பிரவுசர் ஏற்கெனவே கனத்துப் போயிருக்கிறது, மேப்பையும் ஏற்றினால் பழைய கம்ப்யூட்டர்கள் தாங்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். இப்போது மட்டும் என்ன? மேப் உள்ள ஒவ்வொரு வெப்சைட்டுக்கும் போகும்போது அதற்கான புரோகிராம் தனித்தனியாக இறங்குகிறது. பத்து வெப்சைட்டில் பத்துத் தடவை இறங்குவதைவிட, பிரவுசரில் ஒரு தடவை இருப்பது இலேசானதுதான்.

"எல்லைப் பிரச்னை வராதா?" என்பது இதைவிட முக்கியமான கேள்வி. இந்தியாவின் எல்லையைச் சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட மேப்புக்கு மாறாகக் காட்டி வெளியிடுவது நம் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பிரவுசர் எந்த எல்லையைக் காட்டும்? பதில் எளிது. பிரவுசர் எந்த மேப்பையும் கொண்டு வராது. ஐ.எம்.ஜி. டேக்கோடு போட்டோ ஒன்றும் கூட வருவதில்லையே! எந்த மேப்பை எடுத்துக் காட்டுவது என்பது பக்கத்தை எழுதியவர் முடிவு. இந்திய வெப்சைட் இந்திய அரசின் மேப்பைக் காட்டட்டும்.

இதற்கு நம்மிடம் சரக்கு இல்லாமல் இல்லை. சர்வே ஆஃப் இந்தியா 1767-ல் தொடங்கியது. இஸ்ரோவின் புவன் 2009 ஆகஸ்டில் வந்தது. அது வந்த புதிதில் முப்பரிமாணக் காட்சியைப் பார்க்கத் தனி மென்பொருளை இன்ஸ்டால் செய்ய வேண்டியிருந்தது. பொது டேக் ஒன்று இருந்திருந்தால் அந்தச் சிரமம் பெருமளவு குறைந்திருக்கும். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இன்றி மேப் தகவல்களைச் சேகரிக்கவும் வெளியிடவும் வழி செய்தது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. கதவு திறந்தாகிவிட்டது. ஆனால் இன்னும் பல அரசு வெப்சைட்டுகளில் மேப் என்றால் ஸ்கேன் செய்த படமோ, பெரிய பி.டி.எஃப். பைலோதான். அதில் நம் வார்டைத் தேடவும் முடியாது, எல்லையை எடுத்து வேறு மேப்பில் வைத்துப் பார்க்கவும் முடியாது.

தகவல் அரசிடம் இருக்கிறது. காட்டும் திரை நம் வீட்டில் இருக்கிறது. இடையில் இருக்க வேண்டிய பொது விதிதான் இல்லை. டபிள்யூ3சி-யில் கனடா அரசு காட்டும் அக்கறையை, இத்தனை மொழிகள் பேசும் நம் நாடும் காட்ட வேண்டும். மேப்பில் தன் எழுத்து உடைந்து தெரிவது கனடாவுக்கு வந்த கஷ்டம் இல்லை. நமக்கு வந்த கஷ்டம்.

நீங்கள் செய்யக்கூடியவை

விதி வரும்போது வரட்டும். அதற்குள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், உங்கள் கடைக்கோ சங்கத்துக்கோ கோயிலுக்கோ வெப் பக்கம் இருந்தால், மேப்பை மட்டும் நம்பாதீர்கள். முகவரியை முழுமையாகத் தமிழில் எழுதுங்கள். மாவட்டம், வட்டம், பின்கோடு எல்லாம் சேருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், எது எது என்று பெயர் சொல்லி எழுத்தாகப் போட்டு வையுங்கள். எந்த நிறுவனம் மேப்பை நிறுத்தினாலும் அந்த வரி நிற்கும். ஸ்வால்பார்ட் பயணமும் தவிர்க்கப்படும்.

இரண்டாவது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் வெப்சைட்டுக்குப் போய் இலவசமாகக் கணக்குத் தொடங்கி உங்கள் ஊரைத் திறந்து பாருங்கள். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பெயரையும் சேருங்கள். பெயர்களை மொழிவாரியாகக் குறித்து வைக்க அதில் தனி இடமே இருக்கிறது. ஏரி, தறிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஊர்க்காரருக்குத் தெரிந்தவை வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மௌஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும், இதைச் செய்யலாம். ஆனால் நேரில் தெரிந்ததை மட்டும் சேருங்கள். வேறு மேப்பைப் பார்த்துக் காப்பி அடிப்பது கூடாது.

மூன்றாவது, இடங்களைக் குறித்து வைத்த பட்டியல் ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை ஜியோஜேசன் அல்லது கே.எம்.எல். பைலாகவும் சேமித்து வையுங்கள். இரண்டும் பொது விதிப்படி அமைந்தவை. நாளை எந்தப் புரோகிராம் வந்தாலும் திறந்து பார்க்கலாம்.

நான்காவது, கேளுங்கள். பிரவுசர் தயாரிப்பவர்களுக்குக் கருத்துச் சொல்லப் பல பிரவுசர்களின் உதவி மெனுவில் இடம் இருக்கிறது. மேப்பில் தமிழ் உடைந்து தெரிந்தால் ஸ்கிரீன் ஷாட் எடுத்து அனுப்புங்கள். ஒருவர் அனுப்பினால் ஓரமாக வைப்பார்கள், ஆயிரம் பேர் அனுப்பினால் அப்படி வைக்க முடியாது. தமிழ் எழுத்து கம்ப்யூட்டரில் நிலைபெற்றதும், விடாமல் கேட்டுக்கொண்டும் உழைத்துக்கொண்டும் இருந்த ஆர்வலர்களால்தான்.

படத்தைப் போல, வீடியோவைப் போல, மேப்பும் ஒரு நாள் பிரவுசரின் சாதாரண வேலையாகிவிடும் என்று நான் நம்புகிறேன். அப்போது ஆரணிப் பக்கத்துத் திருமலையில் தறி போட்டிருப்பவரும், திருகோணமலையில் மீன் விற்பவரும், தங்கள் இடத்தைத் தங்கள் எழுத்தில், யாரிடமும் "கீ" வாங்காமல் உலகத்துக்குக் காட்டுவார்கள். அந்த நாள் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது, நாம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.